புது கார் சர்வீஸ்: கம்பெனியில் விடுவதா, வெளி மெக்கானிக்கிடம் விடுவதா?

முதல் பெய்டு சர்வீஸ் பில் கைக்கு வரும்போதுதான் பலருக்கும் இந்தக் கேள்வி வருகிறது. அதுவரை ஃப்ரீ சர்வீஸ். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் மட்டும் காசு, கூலி கிடையாது. அடுத்த முறை பில்லைப் பார்த்ததும், 'நம்ம ஏரியா மெக்கானிக் பாதிக் காசுக்குச் செய்து கொடுப்பாரே' என்று மனம் கணக்குப் போடத் தொடங்கும். எனக்கு எழுதிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் கட்டத்தில்தான் நிற்கிறார்கள். கார் வாங்கி ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகிறது. இனி எங்கே விடுவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரன்டி இருக்கும்வரை கம்பெனியிலேயே விடுங்கள், ஆனால் அங்கே சொல்கிற எல்லாவற்றுக்கும் தலையாட்டாதீர்கள். வாரன்டி முடிந்ததும் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் மாறுங்கள், ஆனால் சில வேலைகளை அப்போதும் கம்பெனிக்கே கொண்டு போங்கள். 'கம்பெனி என்றாலே கொள்ளை', 'வெளியில் விட்டால் வண்டி போச்சு' என்று இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். இரண்டையும் நம்பி நஷ்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, வாரன்டி எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பது. இரண்டாவது, உங்கள் கார் எவ்வளவு சிக்கலானது. சாதாரண பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர் என்றால் ஒரு கதை. டர்போ, டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் உள்ள) ஆட்டோமேட்டிக், ஹைபிரிட், எலக்ட்ரிக் என்றால் வேறு கதை. மூன்றாவது, போடுகிற ஆயிலும் ஸ்பேரும் ஒரிஜினல்தானா என்பதை நீங்கள் சரிபார்க்க முடியுமா? நான்காவது, செலவு. ஒரு பில்லை மட்டும் பார்க்காமல், காரை வைத்திருக்கப்போகும் மொத்த வருஷங்களுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். அப்புறம் தூரம். சர்வீஸ் சென்டர் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கும், எழுபது கிலோமீட்டர் ஓட்டிப்போய் ஒரு நாள் லீவு போடுகிறவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

## கம்பெனி சர்வீஸ் சென்டர்

### வாரன்டிதான் பெரிய பலம்

மாருதி 2024 ஜூலை முதல் தன் கார்களுக்கு 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வாரன்டி தருகிறது. அதற்கு முன்பு 2 வருஷம், 40,000 கிலோமீட்டர்தான். மற்ற நிறுவனங்களிலும் இப்போது மூன்று வருஷம் என்பது பொதுவான அளவு. தயாரிப்புக் குறையால் கெட்டுப்போகிற பாகங்களுக்குத்தான் இது செல்லும். பிரேக் பேட், கிளட்ச், வைப்பர் போலத் தேய்ந்து போகிறவற்றுக்குச் செல்லாது. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த நிறுவனத்தின் வாரன்டி தனி.

வெளியில் விட்டால் வாரன்டி போய்விடுமா என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஸ்பேர் பார்ட்ஸையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் தங்கள் டீலர்களிடமே முடக்கி வைத்தார்கள் என்பதுதான் வழக்கு. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரன்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்குத்தான் வாரன்டியை மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போய், விவகாரம் பல வருஷம் இழுத்தது.

நியாயம் உங்கள் பக்கம்தான். ஆனால் சர்வீஸ் கவுன்டரில் நடப்பது வேறு. இரண்டரை வருஷத்தில் டர்போ போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சர்வீஸ் வெளியில் செய்திருந்தால், 'என்ன ஆயில் ஊற்றினார்களோ, தெரியாது சார்' என்ற ஒரு வரியில் கிளெய்மைத் தள்ளிவிடுவார்கள். வாதாடலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அதுவரை கார் அவர்கள் யார்டில் நிற்கும். நீங்கள் ஆட்டோவில் போவீர்கள். வருஷத்துக்குச் சில ஆயிரம் மிச்சம் பிடிப்பதற்காக இந்த அபாயத்தை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

### பில்லில் ஒளிந்திருப்பவை

கம்பெனி சர்வீஸ் விலை அதிகம் என்கிற பெயரில் பாதி, கேட்டு வாங்காத வேலைகளால் வந்தது. காலையில் காரை விட்டுவிட்டு வருகிறீர்கள். பதினோரு மணிக்கு போன் வருகிறது. 'சார், த்ராட்டில் பாடி அழுக்கா இருக்கு, கிளீன் பண்ணிடலாமா? ஏசிக்கு டிஸ்இன்ஃபெக்டன்ட் அடிச்சிடலாம். எஞ்சின் ஆயில் ட்ரீட்மென்ட் ஒண்ணு போட்டா மைலேஜ் நல்லா இருக்கும்.' நீங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறீர்கள். 'சரி, பண்ணிடுங்க' என்கிறீர்கள். சாயங்காலம் பில் இரண்டாயிரம், மூவாயிரம் ஏறி நிற்கிறது.

அந்த சர்வீஸ் அட்வைசர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. இதை விற்றாக வேண்டும் என்று அவருக்கு மாதா மாதம் டார்கெட் இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கார் வாங்கும்போது தந்த ஓனர்ஸ் மேனுவலில் எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. அதை மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜாப் கார்டில், அதாவது செய்யப்போகும் வேலைகளை எழுதும் தாளில், கையெழுத்துப் போடும் முன், 'இந்த அட்டவணையில் இருப்பது மட்டும் போதும், கூடுதலாக எது செய்தாலும் என்னைக் கேட்டு, விலை சொல்லி, பிறகு செய்யுங்கள்' என்று எழுதச் சொல்லுங்கள்.

புது காருக்கு எஞ்சின் ஃப்ளஷ், ஆயில் ட்ரீட்மென்ட், இன்ஜெக்டர் கிளீனிங், டெஃப்லான் கோட்டிங் எதுவும் முதல் மூன்று வருஷத்தில் வழக்கமான செலவாக இருக்கத் தேவையில்லை. ஏசி காற்றில் நாற்றம் வந்தால் முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். கடலோர ஊர்க்காரர்கள் அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடிப்பதில் மட்டும் நியாயம் இருக்கிறது. அதையும் முதலில் விலை விசாரித்துவிட்டு அடியுங்கள்.

இப்படிக் கழித்துப் பாருங்கள். சின்ன பெட்ரோல் காருக்குக் கம்பெனிக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரத்துக்குள் வந்துவிடும். வாரன்டியைக் காப்பாற்ற இது பெரிய விலை இல்லை.

### எங்கே சறுக்குகிறார்கள்

வாரன்டி முடிந்த பிறகுதான் கம்பெனியின் பலவீனம் தெரியும். அங்கே பழுது பார்ப்பது குறைவு. கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவதுதான் அதிகம். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில் ஒரு ரப்பர் புஷ் தேய்ந்தால் ஆர்மையே முழுசாக மாற்றச் சொல்வார்கள். ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவில்லை என்றால் முழு யூனிட்டுக்கு எஸ்டிமேட் வரும். அந்த ஆல்டர்னேட்டரில் தேய்ந்திருப்பது கார்பன் பிரஷ்ஷாகவோ பேரிங்காகவோ இருக்கலாம். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் சில நூறு, ஆயிரத்தில் முடிகிற வேலை. கம்பெனிக்கு இது தெரியாமல் இல்லை. யூனிட்டாக மாற்றினால் நேரம் மிச்சம், வேலைக்கு உத்தரவாதம் கொடுப்பதும் சுலபம். அந்தச் சௌகரியத்துக்கான காசு நம் பையிலிருந்து போகிறது.

## வெளி மெக்கானிக்

நல்ல மெக்கானிக்கிடம் கிடைப்பதும், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் காரை அனுப்பிவிட்டு லவுஞ்சில் காபி குடிப்பவருக்குக் கிடைக்காததும் ஒன்று உண்டு. காரைத் தொடுகிறவரோடு நேரடியாகப் பேசலாம். முன் சக்கரத்தில் 'கடக் கடக்' என்று சத்தம் வருகிறது என்றால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார். ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்குவார். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, லிங்க் ராடைக் கையால் ஆட்டி, 'இதுதாங்க, பாருங்க' என்று உங்கள் கையையும் வைக்கச் சொல்வார். கம்பெனியில் நீங்கள் அட்வைசரிடம் சொன்னது ஜாப் கார்டில் 'நாய்ஸ்' என்று ஒரே வார்த்தையாகி, டெக்னீஷியனிடம் போய்ச் சேரும்போது பாதி தொலைந்திருக்கும்.

ஐந்து வருஷத்தைத் தாண்டிய காருக்கு இந்தக் கவனிப்பு தங்கம். எதை இப்போது மாற்ற வேண்டும், எதை அடுத்த சர்வீஸ் வரை தள்ளலாம் என்று சொல்லக்கூடிய ஒருவர் கிடைத்தால் வருஷச் செலவு கணிசமாகக் குறையும்.

### ஆயிலும் ஸ்பேரும்

இங்கேதான் கவனம் வேண்டும். இப்போதைய எஞ்சின்கள் ஆயில் விஷயத்தில் பிடிவாதமானவை. மாருதியின் புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-16 என்கிற மெல்லிய ஆயில்தான் சொல்லப்பட்டிருக்கிறது. பழைய பழக்கத்தில் கெட்டியான ஆயிலை ஊற்றிவிட்டு 'இதுதாங்க எஞ்சினுக்கு நல்லது' என்று சொல்கிறவர் புது காருக்கு ஆகமாட்டார். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்6 (புகை மாசுக்கான விதிமுறை) டீசல் கார்களில் இது இன்னும் முக்கியம். புகைக்குழாயில் இருக்கும் டிபிஎஃப் வடிகட்டியை அடைக்காத, சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். தப்பான ஆயிலின் விளைவு அன்றைக்கே தெரியாது. பிறகு டிபிஎஃப் அடைத்து, மாற்ற வேண்டி வந்தால் பல வருஷ மிச்சம் ஒரே பில்லில் போய்விடும்.

போலி ஆயில் ஃபில்டர், போலி பிரேக் பேட் சந்தையில் உண்டு. வழி சுலபம்: பொருளை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பெரும்பாலான கம்பெனி டீலர்களே ஸ்பேரைக் கவுன்டரில் தனியாக விற்கிறார்கள். சென்னையில் இருப்பவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனால், பாகத்தின் எண்ணைச் சொல்லி விலையை ஒப்பிட்டு வாங்கலாம். கார் கம்பெனிகளுக்குப் பாகம் சப்ளை செய்யும் நிறுவனங்களே அவற்றைத் தங்கள் பெயரிலும் விற்கின்றன. பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியாவும் லூகாஸ் டிவிஎஸ்ஸும் நம் ஊர் உதாரணங்கள். கார் கம்பெனியின் பெட்டியில் வருவதைவிட இவை பெரும்பாலும் விலை குறைவு. தரத்தில் பயப்படத் தேவையில்லை. புதுப்பேட்டை பழைய சாமான் சந்தை சைடு மிரர், டோர் ஹேண்டில், உள்பக்க பிளாஸ்டிக்குக்குச் சரி. பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே வாங்காதீர்கள்.

### வெளியிலும் ஒளிந்திருக்கும் செலவு

'பில் வேண்டாம்னா குறைச்சுக்கலாங்க' என்பது பல ஷெட்களில் கேட்கிற வசனம். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது, கூலிக்கும் 18தான். அந்த 18 சதவீதத்தை மிச்சம் பிடிக்கிறீர்கள், சரி. ஆனால் மூன்று மாதத்தில் அதே பாகம் மறுபடி போனால் கையில் எந்த அத்தாட்சியும் இருக்காது. காரை விற்கும்போதும் அப்படித்தான். கம்பெனியில் செய்த சர்வீஸ் எல்லாம் அவர்கள் கணினியில் இருக்கும். வாங்குகிறவர் விசாரித்து ஓடிய கிலோமீட்டரைக்கூடச் சரிபார்ப்பார். வெளியில் செய்தால் அந்தப் பதிவை நீங்கள்தான் உருவாக்க வேண்டும். ஒவ்வொரு பில்லையும், ஓடோமீட்டர் போட்டோவையும் ஒரு ஃபைலில் வைத்திருங்கள்.

இன்னொன்று கருவிகள். காரின் கணினியில் பதிவான பிழையைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாத ஷெட்டில் 'செக் எஞ்சின்' விளக்கு எரிகிற காரை விட்டால், ஊகத்தில் ஒவ்வொரு சென்சாராக மாற்றிப் பார்ப்பார்கள். ஊகத்துக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்.

## நடுவழி: மல்டி பிராண்ட் சர்வீஸ்

பாஷ் கார் சர்வீஸ், மைடிவிஎஸ் போல எல்லாக் கம்பெனி காரையும் பார்க்கும் ஒர்க் ஷாப்புகள் உண்டு. ஸ்கேனர் இருக்கும், ஜிஎஸ்டி பில் தருவார்கள், விலை இரண்டுக்கும் நடுவில். வாரன்டி முடிந்து, நம்பிக்கையான மெக்கானிக் கிடைக்காதவர்களுக்கு இது நல்ல இடம். ஆனால் தரம் கிளைக்குக் கிளை மாறும். போர்டைப் பார்த்து முடிவு செய்யாமல், உங்கள் மாடலை அந்தக் கிளையில் அடிக்கடி பார்க்கிறார்களா என்று கேளுங்கள்.

## எந்த வேலையை எங்கே

| வேலை | வாரன்டிக்குள் | வாரன்டிக்குப் பிறகு |
|---|---|---|
| ஆயில், ஃபில்டர் மாற்றுவது | கம்பெனி | மெக்கானிக். ஆயிலை நீங்களே வாங்குங்கள் |
| வீல் அலைன்மென்ட், பேலன்சிங் | நல்ல டயர் கடையே போதும் | டயர் கடை |
| பிரேக் பேட் | கம்பெனி | மெக்கானிக், தரமான பேடுடன் |
| சஸ்பென்ஷன், புஷ், லிங்க் ராட் | கம்பெனி | மெக்கானிக் |
| ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார் | கம்பெனி, வாரன்டியில் கேளுங்கள் | ஆட்டோ எலக்ட்ரீஷியன் |
| ஏர்பேக், சாவி புரோகிராமிங், சாஃப்ட்வேர் | கம்பெனி | கம்பெனி |
| டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் | கம்பெனி | கம்பெனி அல்லது அந்த வேலையே செய்யும் ஸ்பெஷலிஸ்ட் |
| ஹைபிரிட், எலக்ட்ரிக் பேட்டரி | கம்பெனி | கம்பெனி |
| சின்னக் கீறல், டிங்கரிங் | எங்கே வேண்டுமானாலும் | நல்ல டிங்கர் |

குறையைச் சரிசெய்ய நிறுவனமே கார்களைத் திரும்ப அழைக்கிற ரீகால் வந்தால் எத்தனை வருஷக் காராக இருந்தாலும் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். இலவசமாகச் செய்து தருவார்கள். 2023 ஜனவரியில் மாருதி ஏர்பேக் கன்ட்ரோலரைச் சோதிக்க 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. வெளியில் சர்வீஸ் செய்கிறவர்கள் போன் நம்பரை மாற்றினால் கம்பெனியிலும் சொல்லி வையுங்கள். உங்கள் கார் ரீகாலில் இருக்கிறதா என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் இணையதளத்திலும் பார்க்கலாம்.

## விபத்தும் வெள்ளமும்

கார் இடித்துவிட்டால் சர்வீஸ் கணக்கு மாறிவிடுகிறது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் பிடிப்பார்கள். இன்றைய காரில் பம்பர் பிளாஸ்டிக்தானே! அதைத் தவிர்க்கத்தான் பலர் தேய்மானம் பிடிக்காத ஜீரோ டெப் கவர் எடுக்கிறார்கள். ஜீரோ டெப்பையும் கேஷ்லெஸ்ஸையும் (நிறுவனமே ஒர்க் ஷாப்புக்கு நேரடியாகப் பணம் கட்டுவது) காப்பீட்டு நிறுவனம் சேர்த்துக்கொண்ட ஒர்க் ஷாப்பில்தான் சிக்கலில்லாமல் பயன்படுத்த முடியும். புது காருக்குப் பெரும்பாலும் அது கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். ஆகவே பெரிய இடி என்றால் யோசிக்காமல் அங்கே.

வெள்ளம் இன்னும் மோசம். 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நீரில் மூழ்கிய கார்களை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் ஏறிய காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால், ஸ்டார்ட் செய்த அந்த நொடியில் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். எஞ்சின் புரொடெக்ட் கவர் தனியாக எடுக்காதவருக்கு அதன் செலவு கைக்காசு. டோ செய்து கம்பெனிக்குக் கொண்டு போங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே சொல்லுங்கள். 'காய வைத்துத் தருகிறேன்' என்கிற மெக்கானிக்கிடம் அன்றைக்கு விடாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து பார்க்கும் முன் பிரித்த காருக்குக் கிளெய்ம் வாங்குவது கஷ்டம்.

## உங்கள் நிலைமைக்கு எது

காரை நாலைந்து வருஷத்தில் விற்றுவிடுவீர்கள் என்றால் கடைசி வரை கம்பெனியிலேயே விடுங்கள். ரெக்கார்டு முழுசாக இருக்கிற கார் சீக்கிரம் போகும், பேரமும் குறைவு.

பத்து வருஷம் வைத்திருப்பீர்கள், சாதாரண பெட்ரோல் மேனுவல் கார் என்றால் வாரன்டி காலத்தை நீட்டிக்கும் எக்ஸ்டெண்டட் வாரன்டியில் நான் காசு போட மாட்டேன். மூன்று வருஷம் முடிந்ததும் மெக்கானிக்கிடம் மாறலாம். டர்போ, டூயல் கிளட்ச், சன்ரூஃப், நிறைய எலக்ட்ரானிக்ஸ் என்றால் நேர்மாறு. டூயல் கிளட்ச் கியர்பாக்ஸின் கன்ட்ரோல் யூனிட் போனால் செலவு லட்சம் ரூபாயைத் தொடலாம். அப்படிப்பட்ட காருக்கு எக்ஸ்டெண்டட் வாரன்டியை வாங்கி, அது முடியும்வரை கம்பெனியை விட்டு நகராதீர்கள். எலக்ட்ரிக் காருக்கு விவாதமே இல்லை. பேட்டரி வாரன்டி பொதுவாக 8 வருஷம், 1,60,000 கிலோமீட்டர் வரை போகிறது; ஹை வோல்டேஜ் வேலைக்குப் பயிற்சி பெற்றவர்கள் வெளியில் இன்னும் குறைவு.

சின்ன ஊரில் இருந்துகொண்டு, பெரிய நகரங்களில் மட்டும் சர்வீஸ் சென்டர் உள்ள கம்பெனியின் கார் வைத்திருப்பவருக்கு: வாரன்டிக்குள் வருஷாந்திர சர்வீஸுக்கு மட்டும் அங்கே போய் வாருங்கள். இடையில் பஞ்சர், பல்பு, பேட்டரி, வைப்பர் போன்றவற்றை உள்ளூரில் பார்த்துக்கொள்வதால் வாரன்டிக்கு ஒன்றும் ஆகாது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, அந்தக் கார்களை நன்றாகத் தெரிந்த வெளி மெக்கானிக்குகளின் அருமை பலருக்குப் புரிந்தது. ஃபோர்டின் மறைமலைநகர் தொழிற்சாலை மூடிய பிறகும் அந்தக் கம்பெனியின் எக்கோஸ்போர்ட்டுகள் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

## மெக்கானிக்கை முன்கூட்டியே பிடியுங்கள்

வாரன்டி முடிந்த மறுநாள் தேடத் தொடங்கினால் அவசரத்தில் யாரிடமாவது மாட்டுவோம். மூன்றாவது வருஷத்திலேயே சின்ன வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். வைப்பர் மாற்றுவது, கேபின் ஃபில்டர், பேட்டரி டெர்மினல் சுத்தம் செய்வது, இந்த மாதிரி வாரன்டியைத் தொடாத வேலை. ஷெட்டில் உங்கள் மாடல் கார் ஏற்கனவே நிற்கிறதா? ஸ்கேனர் இருக்கிறதா? ஆயில் கிரேடைக் கேட்டால் மேனுவலைப் பார்க்கிறாரா, மனப்பாடமாக ஒன்றைச் சொல்கிறாரா? வீல் நட்டை டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) வைத்து முடுக்குகிறாரா? 'பழைய பார்ட்ஸை டிக்கியில் போட்டுக் கொடுங்க' என்று சொன்னால் முகம் சுளிக்காமல் கொடுப்பவரை நம்பலாம். இதே வாக்கியத்தைக் கம்பெனியிலும் சொல்லுங்கள். வாரன்டியில் மாற்றியதைத் தவிர மற்றதைக் கேட்டு வாங்கலாம்.

இரண்டு இடத்திலும் பிரச்சினை வந்தால் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. அங்கே போகும்போது கையில் ஜாப் கார்டு, ஜிஎஸ்டி பில், கூடுதல் வேலைக்கு நீங்கள் சம்மதித்த அல்லது மறுத்த வாட்ஸ்அப் செய்தி மூன்றும் இருக்க வேண்டும்.